பின்னொளியில் தெரியும் வேதியியல்



தொலைதூரப் பேரடைகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவை வீசும் ஒளியிலிருந்து வந்தது. பளிச்சென்று ஒளிர்பவையே அங்கே முதலில் கண்ணில் படும். தன்னொளி இல்லாத குளிர்ந்த வளிமம், பின்னாளில் விண்மீன்களாகப்போகும் மூலப்பொருளே ஆனாலும், கணக்கில் விடுபட்டுப்போகும். 1963இல் 3சி 273 என்னும் குவாசரின் செம்பெயர்ச்சியை மார்ட்டன் ஷ்மிட் கண்டறிந்து, அது மிகத் தொலைவில் ஒளிர்வதைக் காட்டிய பிறகு இதற்கொரு வழி பிறந்தது. குவாசரின் ஒளி நம்மை நோக்கி வரும் பாதையில் எந்த மேகம் குறுக்கிட்டாலும், அதன் அணுக்கள் தத்தமக்குரிய அலைநீளங்களை விழுங்கிவிடும். மேகம் ஒளிர வேண்டியதில்லை, குறுக்கே கிடந்தால் போதும். பண்டைய அண்டத்தின் வேதியியலுக்கு இந்த உட்கவர் கோடுகளைவிட நடுநிலையான சாட்சி நம்மிடம் இல்லை என்பதே என் கருத்து.

1986இல் ஆர்தர் வுல்ஃபும் சகாக்களும் முறையாகத் தேடத் தொடங்கிய அடர் லைமன்-ஆல்ஃபா மேகங்களைப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 2×10²⁰ ஹைட்ரஜன் அணுக்களுக்குக் குறையாதவை இவை. இவற்றில் ஹைட்ரஜன் கோட்டின் இரு ஓரங்களும் அகலமாகச் சரிவதால் அணுக்களின் அளவை ஐயமின்றிக் கணிக்கலாம். வளிமம் பெரும்பாலும் அயனியாகாமல் இருப்பதால் திருத்தங்களும் சிறியவை. இரும்பு தூசுத் துகள்களில் ஒடுங்கி மறைந்துவிடும் என்பதால், அதிகம் மறையாத துத்தநாகத்தை அளவுகோலாகக் கொண்டார் மாக்ஸ் பெட்டினி. செம்பெயர்ச்சி 2 முதல் 3 வரையுள்ள மேகங்களில் பெரும்பாலானவற்றில் உலோகம் சூரியனில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே காலத்தைச் சேர்ந்த, ஈர்ப்பு வில்லையால் பெரிதாகத் தெரியும் எம்எஸ் 1512-சிபி58 என்ற ஒளிமிக்க பேரடையிலோ அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. ஒளிர்வதை மட்டும் பார்த்திருந்தால் அண்டம் மிக விரைவில் உலோகம் சேர்த்துவிட்டது என்றே எழுதியிருப்போம்.

தூசு மிகுந்த மேகம் தன் பின்னாலுள்ள குவாசரையே மங்கச்செய்து பட்டியலிலிருந்து நீக்கிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூசு தடுக்காத ரேடியோ அலைகளால் தேர்ந்தெடுத்த குவாசர்களை 2001இல் எல்லிசனும் குழுவினரும் ஆராய்ந்தனர். இதனால் விடுபடும் ஹைட்ரஜன் நம் கணக்கை அதிகம் போனால் இருமடங்காக்கும், அதற்கு மேல் இல்லை என்றது அம்முடிவு. தூசுள்ள மேகங்கள் முழுக்கவும் தப்பிவிடுவதில்லை: புனேயிலுள்ள ஐயூகா வானியல் மையத்தின் ஸ்ரீஆனந்தும் ஐரோப்பியச் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, செம்பெயர்ச்சி 2.418இல், ஏறத்தாழ 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மேகம் ஒன்றில், கார்பன் மோனாக்சைடைக் கண்டது. அம்மூலக்கூறுகளின் கிளர்வைக் கொண்டு கணித்த நுண்ணலைப் பின்னணி வெப்பநிலை 9.15 கெல்வின், கோட்பாடு சொல்வது 9.3. ஒரு மங்கலான கோட்டிலிருந்து இவ்வளவு பெறமுடிகிறது!

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு. குறுக்கே கிடப்பதற்கான வாய்ப்பு பரப்பளவைப் பொறுத்தது. எனவே பேரடைகளின் அகன்ற புறப்பகுதிகளே அதிகம் சிக்கும். ஒற்றைக் கோட்டில் துளைத்த மேகம் பேரடையின் எந்தப் பகுதி என்றும் பெரும்பாலும் சொல்லமுடியாது. இதை மறுக்க முடியாது. ஆனால் பரப்பளவால் வரும் சாய்வைக் கணக்கிட்டுத் திருத்தலாம். ஒளியால் வரும் சாய்வில் விடுபட்டதற்குக் கணக்கே இல்லை. தனியொரு மேகத்தின் வரலாற்றை எழுதும் ஆசையை நாம் அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆட்சேபங்களில் எண்களால் இன்னும் தீராதது இந்த இரண்டாவதே என்பதால், நம் கருத்தரங்கின் முதல் அமர்வு அதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது.