சாவி யார் கையில்?

(வெள்ளி விழாச் சந்திப்பில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"அஞ்சு நிமிஷம்தான்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஒரே ஒரு கதை.

அமெரிக்காவில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்த ஒரு வயதான அம்மா, 2009-இல் புது டிவி வாங்கினார். கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர். பெட்டிக்குத் தனி வாடகை என்றால் கட்டுப்படியாகாது. நம்ம எலெக்ட்ரானிக்ஸ் மூளை சும்மா இருக்குமா? சுவரிலிருந்து வரும் கேபிளை நேரே டிவியில் சொருகி, சேனல்களைத் தேடவிட்டேன். உள்ளூர்ச் சேனல்கள் பளிச்சென்று வந்தன. எண்களை ஒரு தாளில் எழ்தி டிவி பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தத் தெருவுக்கே நான்தான் பெரிய விஞ்ஞானி!

இதில் மாயம் ஒன்றுமில்லை. அங்கே கேபிளில் டிஜிட்டல் படம் 'குவாம்' என்ற பண்பேற்ற முறையில் வருகிறது. 256 குவாம் என்றால் 256 நிலைகள், நிலைக்கு 8 பிட். 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். அதைப் பிரித்தெடுக்கும் டியூனர் பல டிவிகளுக்குள்ளேயே இருந்தது. அடிப்படைச் சேனல்களைப் பூட்டக்கூடாது என்று எஃப்.சி.சி. விதியும் இருந்தது. பூட்டாத வீட்டுக்குச் சாவி எதற்கு?

2012 அக்டோபரில், முழுக்க டிஜிட்டலாக மாறிய கேபிள் நிறுவனங்களுக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. இணைப்பைத் துண்டிக்க ஆள் அனுப்ப வேண்டாம், திருட்டு இணைப்பும் குறையும் என்பது நிறுவனங்களின் வாதம். அதிலும் நியாயம் உண்டு. பழைய சந்தாதாரர்களுக்குக் கொஞ்ச காலம் பெட்டி இலவசம் என்ற நிபந்தனையும் இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு மாலை அந்த அம்மா கதவைத் தட்டினார். "ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல, மன்னிச்சுக்கோ" என்றார். போய்ப் பார்த்தால், திரையில் ஒன்றுமில்லை. டியூனர் நன்றாகத்தான் இருந்தது. சிக்னலும் வந்தது. ஆனால் பூட்டுப் போட்டு வந்தது.

தப்பு அவருடையதா? இல்லை. "இந்த விதி இருக்கிற வரைக்கும்தான் இது ஓடும்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கைதட்டு வாங்கிய மயக்கத்தில் சொல்லாமல் விட்டேன்.

பூட்டை உடைக்க வழி தேடவில்லை; அது திருட்டு. ஒரு ஆன்டெனா வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். அதே உள்ளூர்ச் சேனல்கள் காற்றில் இலவசமாக வந்தன.

தம்பி தங்கையரே, நாளைக்கு நீங்கள் எத்தனையோ கருவிகள் செய்வீர்கள். "வேலை செய்யுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சாவி யார் கையில்?" என்றும் கேளுங்கள். பயன்படுத்துகிறவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வயதானவர் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு உங்கள் வாசலில் நிற்கும்படி வைத்துவிடாதீர்கள்.