பெட்டிப் படமும் 200 கேபியும்

நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியது:

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா அக்காமார் பொறுத்துக்கணும்.

எங்க குழு பனை ஓலைப் பெட்டி முடையுது. போன வருஷம் ஒரு கண்காட்சியிலே கடை போட விண்ணப்பம் கேட்டிருந்தாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் வழிதான். போட்டோ ஒவ்வொண்ணும் 200 கேபிக்குள்ளே இருக்கணும்னு போட்டிருந்தது. என் போனிலே எடுத்த படமோ 4 எம்பி. 1 எம்பின்னா ஏறக்குறைய 1000 கேபி. எத்தனை தடவை ஏத்தினாலும் ஏறலே.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். அங்கே இருந்த தம்பி அவசரத்திலே சுருக்கிச் சுருக்கி 15 கேபி ஆக்கிட்டார். படம் ஏறிடுச்சு. நானும் சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி மகள் பார்த்துட்டு, "என்னம்மா, ஓலையே தெரியலையே"ன்னா. குட்டைப் பெட்டி நெட்டையா வேற இழுபட்டிருந்தது. எங்களுக்குக் கடை கிடைக்கலே. படத்தாலதான்னு யாரும் சொல்லலே. ஆனா அந்தப் படத்தைப் பார்த்தா நானே அந்தப் பெட்டியை வாங்க மாட்டேன். 12 பேர் மூணு மாசம் முடைஞ்ச சரக்கு, வீட்டுப் பரண்லே கிடந்துச்சு.

அப்புறம்தான் மகள்கிட்டே உட்கார்ந்து கத்துக்கிட்டேன். படம்னா எல்லாம் புள்ளிதான். கோலத்துக்கு வைக்கிற மாதிரி வரிசை வரிசையா இருக்கும். பிக்சல்னு பேரு. அகலத்துக்கு 4000, உயரத்துக்கு 3000 இருந்தா, பெருக்கிப் பாருங்க, 1 கோடியே 20 லட்சம் புள்ளி. அதை 800க்கு 600 ஆக்கினா 4 லட்சத்து 80 ஆயிரம். 25-ல் ஒரு பங்கு! கேபியும் பெரும்பாலும் 200க்குள்ளே வந்துடும். பின்னலும் தெளிவாத் தெரியும். 15 கேபி வரைக்கும் போகவே வேண்டியதில்லை.

சுருக்குறதுக்கு முன்னாடி வேண்டாததை வெட்டிடுங்க. என் படத்திலே பெட்டி பாதி, கொடியிலே காயுற துணி பாதி! வெட்டினதுக்கப்புறம் கம்ப்யூட்டர்லே 'பெயிண்ட்'டைத் திறந்து, 'ரீசைஸ்' அமுக்கி, பிக்சல்ங்கிறதைத் தேர்ந்தெடுத்து, அகலத்திலே 800 போடுங்க. நீள அகல விகிதம் மாறக் கூடாதுன்னு ஒரு கட்டம் இருக்கும். அதிலே டிக் இருந்தா உயரம் தானா வந்துடும், பெட்டி நெட்டையாகாது. அதை 'சேவ் ஆஸ்' கொடுத்து, ஜேபெக்கா, வேற பேர்லே வையுங்க. அசல் மேலேயே சேவ் பண்ணிட்டா போச்சு. சுருக்கின படத்தை மறுபடி பெரிசாக்கினா தெளிவு திரும்பாது. அரைச்ச மாவு அரிசியாகுமா?

கடைக்காரத் தம்பிக்கு வாட்ஸ்அப்லே அனுப்புறப்பவும் கவனம் வேணும். போட்டோவா அனுப்பினா அதுவே சுருக்கிடும். அசல் அப்படியே போகணும்னா 'டாக்குமெண்ட்'னு இருக்கிற வழியிலே அனுப்புங்க.

இன்னொண்ணு, பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. போன் கேமராவிலே 'லொக்கேஷன்' போட்டிருந்தா, எந்த இடத்திலே எடுத்ததுன்னு படத்துக்குள்ளேயே பதிஞ்சிடும். நாம வீட்டுத் திண்ணையிலே வச்சுத்தான் எடுக்கிறோம். கேமரா செட்டிங்ஸ்லே அதை அணைச்சுடுங்க. ஆதார், பாஸ்புக் படத்தை, இலவசமா சுருக்கித் தர்றோம்னு சொல்ற முன்பின் தெரியாத இடத்திலே ஏத்தாதீங்க. கடையிலே கொடுத்தா, வேலை முடிஞ்சதும் அந்தக் கம்ப்யூட்டர்லேருந்து உங்க கண்ணு முன்னாடியே அழிக்கச் சொல்லுங்க. 'ரீசைக்கிள் பின்'லேயும் அழிக்கணும். கேக்கக் கூச்சமா இருக்கும்தான். எனக்கும் இருந்துச்சு.

இந்த வருஷ விண்ணப்பத்துக்கு அஞ்சு படமும் நாங்களே எடுத்து, நாங்களே சுருக்கி ஏத்தியிருக்கோம். எதுவும் 150 கேபியைத் தாண்டலே. பதில் இன்னும் வரலே. படம் சுருக்கிப் பார்க்கணும்னு நினைக்கிறவங்க, அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வாங்க. போனை சார்ஜ் போட்டுக் கொண்டு வாங்க, பொருளையும் மறந்துடாதீங்க.