ஆபாசம் என்னும் சொல்லும் காதல் தொடர்களின் வாசகரும்



இவ்வுரைக்குக் காரணம் மூன்று அட்டைப்பெட்டிகள். மூடப்பட்ட ஒரு வாடகை நூல் நிலையத்தின் புத்தகங்களை அதன் உரிமையாளர் நம் படிப்பகத்திற்கு அன்பளிப்பாகத் தந்தார். பெரும்பாலும் தமிழகத்து நாவல்கள். அவற்றுள் மிகுதியானவை காதல் நாவல்கள். மூன்று பாகங்களாக வந்த ஒரு தொடர் மட்டும் பலர் கை பட்டு முதுகு பிய்ந்து, ஒட்டுத்தாளால் கட்டப்பட்டிருந்தது. மன்றச் செயலவையில் ஒருவர் அதை ஆபாசம் என்றார், எரித்துவிட வேண்டும் என்றார். இன்னொருவர் தம் மனைவியும் மகளும் அதைப் படித்திருக்கிறார்கள் என்றார். கூட்டம் அதற்கு மேல் நகரவில்லை. மொழியியல் படித்தவர் என்ற காரணத்தால் வழக்கு நம்மிடம் வந்தது.

நாம் முதலில் கதையைப் படிக்கவில்லை, ஓரங்களைப் படித்தோம். வாடகை நூல்களின் ஓரங்களில் வாசகர் எழுதும் குறிப்புகளை எந்த ஆய்வாளரும் பாதுகாப்பதில்லை. அவை பெயரற்றவை, அச்சமற்றவை. ஒரு பக்கத்தில் நீல மையில் ‘சீ’ என்று ஒரே எழுத்து. அதன் கீழே வேறொரு கையெழுத்து: ‘பிடிக்காவிட்டால் 112ஆம் பக்கம் வரை ஏன் படித்தாய்?’ மற்றோரிடத்தில் ‘விரசம்’. அடுத்த பாகத்தில் ‘பச்சையாக இருக்கிறது, ஆனாலும் நன்றாக இருக்கிறது’. இறுதி அத்தியாயத்தில் பென்சிலால் ‘கொச்சை நடை’. ஒரே தொடரை ஒரே ஊரார் படித்துச் சொன்ன தீர்ப்புகள் இவை. இவர்கள் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே நமக்கு எழுந்த ஐயம்.

இந்தப் பிணக்கு புதிதன்று. நம் வயதினர் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில், தமிழகத்து வார இதழ்கள் முதலில் கிராணியார் வீட்டிற்கு வரும். அங்கிருந்து கங்காணி வீடு, பிறகு லயம். நம் கைக்கு வரும்போது சில பக்கங்கள் கிழிந்திருக்கும். கிழித்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. ஒழுக்கம் கருதிக் கிழித்தாரா, தமக்கென்று வைத்துக்கொள்ளக் கிழித்தாரா என்பதும் தெளிவாகவில்லை. அந்தக் காலத்தில் மிகுதியாகப் பேசப்பட்ட பெயர்களுள் ஒன்று புஷ்பா தங்கதுரை. சாவி ஆசிரியராக இருந்த தினமணி கதிரில் ஜெயராஜின் ஓவியங்களுடன் வந்த ‘என் பெயர் கமலா’ போன்ற எழுத்துகள் வீடுகளில் ஒளித்து வைத்துப் படிக்கப்பட்டன. ‘ஒரு ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது’ 1976இல் திரைப்படமாகவும் வந்தது.

அந்த எழுத்தாளர்தாம் ஸ்ரீ வேணுகோபாலன். அவர் ‘திருவரங்கன் உலா’வின் ஆசிரியர், படையெடுப்புக் காலத்தில் திருவரங்கத்து உற்சவர் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்பட்ட வரலாற்றைப் பக்தியோடு எழுதியவர். ஒரே கை, இரு பெயர்கள். முதல் பெயரைப் பூசையறையிலும் இரண்டாம் பெயரைத் தலையணைக்கு அடியிலும் வைத்த வாசகர்கள் உண்டு. இரண்டும் ஒருவர் என்று அறிந்தபோது சிலர் வருந்தினர், சிலர் சிரித்தனர். எழுத்தாளர் தம் பெயரைப் பிரித்ததன் மூலம் வாசகரின் அவையைப் பிரித்தார் என்பதே நம் கருத்து.

அவை என்ற சொல்லைத் தெரிந்தே ஆள்கிறோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் அவையல் கிளவி என்று ஒன்றைக் குறிக்கிறார். அவையில் சொல்லத் தகாத சொல் என்பது பொருள். அதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பதே விதி. பின்வந்த இலக்கணம் இதையே இடக்கரடக்கல் என்றது. ‘கால் கழுவி வந்தான்’ என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா, அதுதான். இங்கு நோக்க வேண்டியது ஒன்று. அச்சொல் தன்னளவில் தீயது என்று இலக்கணம் சொல்லவில்லை. அவைக்கு ஆகாது என்றுதான் சொல்கிறது. அவை மாறினால் சொல்லின் தகுதியும் மாறும். தனியறையில் ஒருவர் மட்டும் படிக்கும் நாவல் எந்த அவை? அச்சும் வாடகை நூலும் கைப்பேசியும் வந்த பிறகு எழுந்த கேள்வி இது. தொல்காப்பியரிடம் இதற்கு விடை தேடுவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

இனி ஓரக்குறிப்புச் சொற்களுக்கு வருவோம். ‘கொச்சை’ என்பதை விரைவில் தள்ளிவிடலாம். பேச்சு வழக்கு குற்றமன்று என்று வகுப்பறையில் சொல்லியே நம் பணிக்காலம் கழிந்தது. மீண்டும் சொல்ல வலுவில்லை. ‘விரசம்’ சுவை நீங்கியது என்று பொருள்படும் வடசொல். சுவை மிகுந்துவிட்டது என்று குறைப்படும் வாசகர் அதற்கு இச்சொல்லை ஆள்வது மொழியின் வேடிக்கைகளுள் ஒன்று.

‘காமம்’ என்ற சொல் பட்ட பாடு பெரிது. வள்ளுவரின் மூன்றாம் பால் 25 அதிகாரம், 250 குறள். அதைக் காமத்துப்பால் என்று சொல்ல நாணி இன்பத்துப்பால் என்று சொல்வோர் பலர். வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்து, மூன்றாவதை விட்டுவிட்டார். ஜி. யு. போப் 1886இல் மூன்றையும் ஆங்கிலத்தில் தந்தார். இருவரும் சமயத் தொண்டர்களே. ஆனால் இருவரின் அவை வேறு. சங்க இலக்கியத்தில் காமம் காதலுக்குப் பெயர். நறுமணத்தைக் குறித்த நாற்றம் எப்படித் தாழ்ந்ததோ அப்படியே காமமும் தாழ்ந்தது. சொல் தாழ்ந்த பின் அச்சொல் குறித்த பொருளும் தாழ்ந்தது என்று மக்கள் எண்ணத் தொடங்கினர்.

நம்மை நெடுநேரம் நிறுத்தியது ‘ஆபாசம்’. இன்று அருவருப்பான பாலியல் வெளிப்பாடு என்றே அதற்குப் பொருள் கொள்கிறோம். மூலமான ஆபாஸ என்னும் வடசொல்லுக்குத் தோற்றம், மெய் போலத் தோன்றும் பொய் என்பவை பொருள். அளவை நூலில் பிழைபட்ட ஏதுவை ஹேத்வாபாசம் என்பர். அதே கருத்தைத் தமிழில் சொல்ல வந்த மணிமேகலை ஆசிரியர் ஆபாசத்தைப் போலி என்று பெயர்த்தார்: பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி. வடமொழி அணி நூலார், தகாத இடத்தில் பிறக்கும் சுவையை ரசாபாசம் என்றனர். சுவை போலத் தோன்றும், சுவை அன்று. ஆக, ஆபாசம் என்ற சொல்லின் அடியில் கிடப்பது போலி. இந்தப் பொருளை மனத்தில் கொண்டு நாம் அந்த மூன்று பாகங்களையும் படித்தோம். செயலவை உறுப்பினர் சொன்னது சரி என்று தோன்றிற்று. ஆனால் அவர் சுட்டிய பக்கங்களில் அன்று.

கதை இதுதான். செல்வந்தன் ஒருவன் ஒரு பெண்ணை விரும்புகிறான். அவள் மறுக்கிறாள். கடத்திச் சென்று தாலி கட்டுகிறான். இரண்டாம் பாகம் முழுதும் அவளை வருத்துகிறான். மூன்றாம் பாகத்தில் அவன் சிறுவயதில் பட்ட துயரம் தெரியவர, அவள் மனம் இளகுகிறது. இவ்வகைக் கதைகள் இப்போது தமிழில் ஏராளம். நாம் நோக்கியது மொழியை. அவன் அவளை ‘நீ’ என்கிறான், ‘டி’ போடுகிறான். அவள் அவனை ‘நீங்கள்’ என்கிறாள். சினம் வந்தபோது ஓரிரு முறை ‘நீ’ என்றுவிட்டு உடனே மன்னிப்புக் கேட்கிறாள். கூடல் காட்சிகளின் வினைச்சொற்கள் எல்லாம் போர்க்களத்திலிருந்து வந்தவை: சிறைப்பிடித்தான், ஆக்கிரமித்தான், முற்றுகையிட்டான், வென்றான். அவளுக்கு வாய்ப்பவை செயப்படுபொருளுக்குரிய வினைகள்: ஆட்பட்டாள், கரைந்தாள், அடங்கினாள். ‘விரும்பினாள்’ என்ற வினையைத் தேடித் தேடிக் கண்கள் களைத்தன. இதில் ஓர் அவையல் கிளவிகூட இல்லை, எல்லாம் இடக்கரடக்கலே. இலக்கணப்படி குற்றமற்ற நடை.

இதனோடு அகப்பொருள் மரபை வைத்துப் பாருங்கள். காமத்தைப் பேசலாமா என்ற கேள்வியே அங்கு இல்லை. அது பாட்டின் உரிப்பொருள். அங்குள்ள பிரிவினை வேறு. இருவரும் ஒத்த அன்பினர் எனில் ஐந்திணை. ஒருவர் மட்டும் விரும்பினால் கைக்கிளை. பொருந்தாததும் வரம்பு கடந்ததும் பெருந்திணை. மிகுந்த காமத்தால் வன்மை காட்டுவதைத் தொல்காப்பியர் வைத்த இடம் அந்தப் பெருந்திணைதான். நம் முன்னோர் பிரித்தது வெளிப்படையையும் மறைவையும் அன்று, ஒப்பையும் ஒவ்வாமையையும்.

வாசகர் சினம் எதன்மேல் என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’. மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்ட ஓர் அயலானால் கெடுக்கப்பட்ட மாணவியை, அவள் தாய் தலையில் நீர் ஊற்றித் தூய்மையானாய் என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். வாசகர் கொதித்தனர். கொதிப்பு காருக்குள் நடந்ததைப் பற்றியதைவிட, தாய் மன்னித்ததைப் பற்றியதாகவே பெரிதும் இருந்தது. பின்பு ஜெயகாந்தன், தாய் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலை எழுதினார். ‘காலங்கள் மாறும்’ என்று தினமணி கதிரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூலாகி, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது அது. வாசகர் கடிதங்கள் ஒரு நாவலைப் பெற்றெடுத்தன என்றே சொல்லலாம்.

நம் நாட்டிலும் ஒரு சான்று. ஈ. எல். ஜேம்ஸ் எழுதிய ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ தொடர் உலகெங்கும் 10 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றது. 2015 பிப்ரவரியில் அதன் திரைப்படத்தை மலேசியத் தணிக்கை வாரியம் அனுமதிக்கவில்லை. அதே ஆண்டில் மூன்று நூல்களும் தடைப்பட்டன. ஒழுக்கத்திற்குக் கேடு என்பது அரசின் காரணம். மேலைநாட்டுப் பெண்ணியர் பலரும் அத்தொடரை எதிர்த்தனர். அவர்கள் காரணம் அதன் நாயகன் நாயகியைக் கட்டுப்படுத்துவதைக் காதல் என்று காட்டியது. அதே வேளையில், தம் விருப்பத்தை வெட்கமின்றிப் பேச அந்நூல் இடம் தந்தது என்று மகிழ்ந்த பெண்களும் எண்ணற்றோர். வேண்டாம் என்றவர்களை ஒரே கூட்டமாக எண்ணுவது பிழை. ஒருவர் காமத்தை வேண்டாம் என்கிறார். மற்றவர் வன்மையை வேண்டாம் என்கிறார். நூலை எரிக்கும்போது இந்த வேறுபாடும் சேர்ந்து எரிந்துவிடும்.

நம் படிப்பகத்திற்கு நாள்தோறும் வரும் மூதாட்டி ஒருவர் உண்டு. இளமையில் பால்மரம் வெட்டியவர். முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவர். பெட்டியைப் பிரித்த அன்றே அத்தொடரை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார், நாம் தடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னார்: “வாத்தியாரய்யா, மொத புத்தகத்துல அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லுது. ரெண்டாவதுலயும் வேணாம்னுது. மூணாவதுல புள்ளயே பொறந்துருச்சு. எப்ப சரின்னு சொல்லுச்சுன்னு நானும் தேடிட்டேன், காணோம்.” பிடித்ததா என்று கேட்டோம். “நல்லாத்தான் இருந்துச்சு. இல்லன்னா மூணையும் படிப்பேனா?” என்றார். முனைவர் பட்ட ஆய்வுகள் சிலவற்றை மதிப்பிட்டிருக்கிறோம். இவ்வளவு நேர்மையான மதிப்புரை அவற்றில் அரிது.

செயலவைக்கு நாம் எழுதித் தந்த பரிந்துரை சுருக்கமானது. தொடரை எரிக்க வேண்டாம். மாணவர் பகுதியில் வைக்கவும் வேண்டாம். பெரியவர் அடுக்கில், திருக்குறளின் மூன்று பாலும் அடங்கிய பதிப்பும் குறுந்தொகையும் இருக்கும் அதே தட்டில் வைக்கலாம். ஓரக்குறிப்புகளை அழிக்கக் கூடாது. கிழிந்த பக்கங்களை ஒட்ட வேண்டும். அட்டையில் ‘ஆபாசம்’ என்று முத்திரை குத்த வேண்டும் என்று உறுப்பினர் வற்புறுத்தினால், ‘போலி’ என்று குத்தலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த வரியைச் செயலாளர் அடித்துவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் மீண்டும் கேட்போம்.

எதிர்வரிசையில் அந்த நீல மைக்குரியவர் அமர்ந்திருக்கக் கூடும் என்று நமக்கு ஓர் ஐயம் உண்டு. கையைத் தூக்க வேண்டியதில்லை. 112ஆம் பக்கத்திற்குப் பின்னும் படித்தீர்களா என்று மட்டும் தேநீர் இடைவேளையில் சொன்னால் போதும். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.