பனிக்காலத்தில் மேனி நலம்



புனேயிலிருந்து லோனாவலாவுக்குச் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது தேஹு ரோடு. இராணுவக் கிடங்குகளில் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. அங்கே நாம் குடியேறிய முதற் பனிக்காலத்தில், ஒரு நாள் விடியலில், தேங்காயெண்ணெய்ப் புட்டி வெண்மெழுகுபோல் உறைந்து கிடக்கக் கண்டோம். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அவ்வெண்ணெய் உறைவது இயல்பே. சென்னையில் மார்கழி விடியலிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இங்கோ 10, 12 என்று இறங்கிவிடுகிறது.

அக்குளிரில் நம் அன்னையாருக்கு இரவெல்லாம் கால்களில் நமைச்சல். பித்தம் என்றார் அவர். படர்தாமரை என்று எண்ணினோம் நாம். அதற்குரிய களிம்பைத் தடவினோம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வார்த்தோம். சோப்பை இருமுறை தேய்த்தோம். நமைச்சல் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. குதிகால் வெடித்துக் குருதியும் கசிந்தது. நீரிழிவு உடைய அவர் அவ்வலியை உணரவேயில்லை. தரையில் கறையைக் கண்ட பின்னரே நாம் அறிந்தோம்.

மருத்துவர் பார்த்துவிட்டு, இது வறட்சியே என்றார். தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கே அதன் கனம். அதிலுள்ள கொழுப்புப் பசையே உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்து நிற்கிறது. வறண்ட குளிர்காற்று அந்த ஈரத்தை உறிஞ்சுகிறது. சுடுநீரும் சோப்பும் பசையையே கழுவிவிடுகின்றன. முதுமையில் எண்ணெய்ச் சுரப்பும் குறைந்துவிடுவதால் மூத்தோரே மிகுதியாக வருந்துகின்றனர்.

எண்ணெய் தேய்த்துச் சீயக்காயால் அதனைப் போக்கிக் குளிப்பது, வியர்வையும் ஈரக்காற்றும் உள்ள நம் நாட்டிற்குப் பொருந்திய வழக்கம். மராட்டியரும் தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்து, உடணே என்னும் நறுமணப் பொடி பூசி நீராடுகின்றனர். அப்பழக்கத்தை நாம் விடவேண்டியதில்லை. ஆயினும் பனி நாட்களில் குளித்த பின்னரும் எண்ணெய் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் விரைவில் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன்னே தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவினால் ஈரம் உள்ளேயே தங்கும். உறைந்த புட்டியைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தினால் போதும். சோப்பு, அக்குள் முதலிய இடங்களுக்கு மட்டும் போதுமானது. உதடு காய்ந்தால் நாவால் நனைப்பது மேலும் உலர்த்தும். கம்பளியைப் பருத்தி உடையின் மேல் அணிவது நமைச்சலைத் தவிர்க்கும்.

நீரிழிவு உடையோர் நாள்தோறும் பாதங்களைப் பார்வையிட வேண்டும். விரலிடுக்கில் எண்ணெய் தங்கலாகாது. வெடிப்பைப் பிளேடால் சீவுதல் கூடவே கூடாது. புண் கண்டால் அன்றே மருத்துவரை நாடுக. வீட்டில் பலருக்கும் இரவில் நமைச்சல் கண்டால் அது வறட்சியன்று, சிரங்காக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு.

அன்னையாரின் குதிகால் ஆற ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வரும் நேயர்கள், கம்பளி வாங்கும் அன்றே ஒரு புட்டி எண்ணெயும் வாங்கி வையுங்கள். இரவில் அவர்தம் பாதங்களை நீங்களே பாருங்கள். வலிக்கவில்லை என்று அவர்கள் சொல்வதைமட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.