தேமலும் தொழுநோயும்



பெருவியாதியைப் பற்றி ஆண்டு விழா மேடையில் பேசுவது தகுமோ எனச் சிலர் எண்ணலாம். ஆயினும் காலனியில் ஒருவர் கையில் வெளிறிய தேமல் தோன்றினால் நாம் என்ன செய்கிறோம்? உடையவர் சட்டைக்கையை இறக்கி மறைக்கிறார். அதையும் மீறிக் கண்ணில் பட்டால், அண்டை வீட்டாராகிய நாமே வைத்தியராகித் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோக அத்தீர்ப்பு ஒன்றே போதும். மெய்யான டாக்டர்கள் இந்நோயை எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்பதைச் சிறிது அறிவோம்.

வெண்குஷ்டம் என்று நாம் பிழையாகப் பெயரிட்ட வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் யாதொரு உறவும் இல்லை. வெண்புள்ளி நாளடைவில் பால் போல் வெளுத்துவிடும். ஆனால் தொடுவுணர்ச்சி குன்றாது. தொழுநோய்த் தேமலோ நிறம் மங்கியோ சிவந்தோ இருக்குமேயன்றி, முற்றிலும் வெளுப்பதில்லை.

டாக்டர் நல்ல வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்க்கிறார். பின் நோயாளியைக் கண்களை மூடச் சொல்லி, பஞ்சிழையின் நுனியால் தேமலைத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்கிறார். கழுத்தின் பக்கத்திலும், முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்திலும் ஓடும் நரம்புகளைத் தடவி, அவை தடித்துள்ளனவா என்று காண்கிறார். உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பும் அது செல்லும் இடத்தில் மரமரப்போ பலவீனமோ, தோலைச் சிறிது கீறி எடுத்த கசிவில் கிருமி: இவற்றுள் ஒன்று உறுதியானாலும் நோய் உறுதி.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கிருமி மிகுதியாக உள்ள வகையில் தேமல்கள் தெளிவாகத் தெரியாமலும், உணர்ச்சி கெடாமலும் இருக்கக்கூடும். காதுமடல் தடிப்பதும் புருவமயிர் உதிர்வதுமே அங்கு அடையாளம். ஆகவேதான் காதுமடலிலும் கீறிப் பார்க்கிறார்கள். அரிப்பும் வலியும் இல்லையே என்று நாம் ஆறுதல் கொள்வது எவ்வளவு பேதைமை!

ஐயம் தீராதபோதே தோல் துண்டுப் பரிசோதனை. மரத்துப்போக ஊசி போட்டு, தேமலின் விளிம்பிலிருந்து தோலின் முழு ஆழத்துக்கும் சிறு துண்டு எடுக்கப்படுகிறது. நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்ட கிருமியை, அத்துண்டுக்குச் சாயமேற்றி நுண்பெருக்காடியில் தேடுகிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி வலுத்திருந்தால், உயிரணுக்கள் திரண்டு வேலியிட்டு நிற்கும். கிருமி தென்படுவது அரிது. ஆனால் அந்தப் போரிலேயே நரம்பிழைகள் சிதைந்திருக்கும். எதிர்ப்பு இல்லையேல், நுரை போன்ற அணுக்களுக்குள் கிருமிகள் கட்டுக்கட்டாக அடைந்திருக்கும். இவ்விரு கோடிகளுக்கும் இடையே படிகள் வைத்து ஐந்து வகையாகப் பிரித்தவர்கள் ரிட்லி, ஜாப்லிங் என்னும் அறிஞர்கள், ஆண்டு 1966. துண்டில் ஒன்றும் தெளிவாகவில்லை என்று அறிக்கை வந்தாலும், டாக்டர் கையால் கண்டறிந்தது பொய்யாகிவிடாது.

அன்றாட சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் எளிய கணக்கு ஒன்றை வகுத்தது. ஐந்து வரை தேமல்கள், கீறலில் கிருமி இல்லை எனில் ஆறு மாத மருந்து. ஐந்துக்கு மேற்பட்டாலோ கிருமி தெரிந்தாலோ பன்னிரண்டு மாதம். ரயில்வேயில் உழலும் நமக்கு இது எளிதில் விளங்கும்: வேகனில் ஒட்டிய சீட்டு தவறினால், சரக்கு நல்லதாயினும் ஊர் போய்ச் சேராது.

மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைகிறது. மக்களுள் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. ஆனால் காலந்தாழ்த்தி வருவோருக்கு மடங்கிய விரல்களை மருந்து மட்டும் நிமிர்த்தித் தராது.

கல்யாணப் பேச்சை எடுத்தோம் அல்லவா? தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகளைப் பாராளுமன்றம் 2019-இல் நீக்கிவிட்டது.