கொடைமஜ்ஜையைப் பக்குவப்படுத்தல்



பிறர் எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களை நோயாளிக்குச் செலுத்துகையில், உடன் செல்லும் டி வெள்ளணுக்கள் அவர்தம் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்குவதுண்டு. முற்றும் பொருந்தும் கொடையாளி இருப்பின் இத்தீங்கு குறையும். ஆனால் ஓர் உடன்பிறந்தார் அவ்வாறு பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. கிட்டாதோர் சாவதா?

1980களின் தொடக்கத்தில் நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் நிலைய அறிஞர்கள், சோயாப் புரதத்தாலும் செம்மறியாட்டுச் சிவப்பணுக்களாலும் டி அணுக்களை நீக்கி, பாதியே பொருந்திய பெற்றோர் மஜ்ஜையைச் செலுத்தினர். பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றல் அற்ற குழந்தைகள் பிழைத்தனர்.

ஆயினும் இரத்தப் புற்றுநோயில் டி அணுக்களை அறவே நீக்கியபோது, மஜ்ஜை வேரூன்றாமையும் நோய் மீளுதலும் மிகுந்தன. அவ்வணுக்களே எஞ்சிய புற்றையும் அழிப்பன அல்லவா? ஆதலின் இன்று தீங்கு செய்வனவற்றை மட்டுமே பிரித்தெடுக்க முயல்கின்றனர்.

பிறப்பின் பொருத்தமே வாழ்வைத் தீர்மானிக்கும் என்றிருந்ததை அறிவு மாற்றியது. அவ்வாய்வுக் கூடங்களில் நம் பிள்ளைகளும் நிற்றல் வேண்டும். அதற்கே நாம் இக்கழகத்தை நடத்துகிறோம்.