தரவு அறிவியல் முதுகலை: கட்டணம் யாரை உள்ளே விடுகிறது?



தரவு அறிவியல் என்ற சொல்லை உங்கள் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்த நோயாளிக்கு ஆபத்து அதிகம் என்பதையெல்லாம் குவிந்து கிடக்கும் விவரங்களிலிருந்து கணக்கிடும் படிப்பு அது. நம்மைப் பற்றிய முடிவுகளுக்கு இந்தக் கணக்கு உதவுகிறது. அதைப் போடும் இடத்தில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டாமா?

முதுகலை என்றதும் பணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜியா டெக் 2014-இல் கணினி அறிவியல் முதுகலையை இணையம் வழி சுமார் 7,000 டாலருக்குக் கொடுத்தது. வளாகத்தில் படிக்க வெளிமாநில மாணவருக்கு ஏறக்குறைய 45,000 டாலர். ஆய்வாளர்கள் விண்ணப்பதாரர்களை ஒப்பிட்டார்கள். வளாகத்துக்கு விண்ணப்பித்தவர்கள் சராசரி 24 வயது, பெரும்பாலும் வெளிநாட்டவர். இணைய வகுப்புக்கு வந்தவர்கள் சராசரி 34 வயது, பெரும்பாலும் வேலையில் இருந்த அமெரிக்கர்கள். வேலையை விட முடியாதவர்கள் அதுவரை கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமும் 2021-இல் தரவு அறிவியல் முதுகலையை 10,000 டாலருக்கு இணையத்தில் தொடங்கியது.

அவர்களுக்கு அது மலிவு. நமக்கோ சுமார் 40,000 வெள்ளி! ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கான பணம். எடுக்கும் முன் கேளுங்கள்: வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாமா? கட்டணத்தைப் பருவத்துக்குப் பருவம் கட்டலாமா? அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லுமா? கடைசிக் கேள்வியைப் பொதுச் சேவைத் துறையிடமே கேளுங்கள். வருமான வரி கட்டுபவர் தம் சொந்த முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வரி விலக்கு கேட்கலாம்.

கட்டணம் குறைந்தாலும் இன்னொரு பூட்டு இருக்கிறது. அதுதான் கணிதம். நிகழ்தகவும் நுண்கணிதமும் தெரியாமல் இந்தப் படிப்பில் நிற்க முடியாது. படிவம் 4-இல் "கூடுதல் கணிதம் உனக்கு வராது" என்று யாராவது பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், பள்ளிக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். முதுகலைக்கான வழி அந்த 16 வயதிலேயே அடைபடுகிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுக் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தரவு அறிவியல் முதுகலை நடக்கிறது. இத்தகைய வகுப்புகளில் நம்மவர் எத்தனை பேர்? அவர்களில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்த எண்ணிக்கையை வெளியிட வேண்டும். மாலை நேர வகுப்பும் தவணைக் கட்டணமும் தர வேண்டும். நாம் வரி கட்டுகிறோம். கேட்பது நம் உரிமை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள்.